கனம் தெரியாத ரிவால்வர்

ரோலாவிலிருந்து துபாய் போகும் பேருந்தில், போனை வைத்த ஒருவர் பக்கத்திலிருந்த அறைத்தோழரிடம் சொன்னார்:

"எங்க அண்ணன் சித்தப்பா மகனைச் சுட்டுட்டான், மாப்ள. நல்லவேளை, வெடிக்கலை."

"என்னல சொல்லுத?"

"வரப்புச் சண்டை. இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து அழுத்தியிருக்கான். டிக்குனு சத்தம் மட்டும்தான். அதுக்குள்ள ஆளுங்க பிடிச்சுட்டாங்க."

"சின்னத் துப்பாக்கி, சட்டைக்குள்ள வச்சாலும் தெரியாது, நம்பி எடுக்கலாம்னு பீத்துவானே உங்க அண்ணன்!"

"துப்பாக்கி மேல குத்தமில்ல. தேர்தலுக்காக ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருந்தான்."

உரிமத் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் அதை ஒப்படைக்க வேண்டும். திரும்பப் பெற்றவருக்குக் குண்டு போட நினைவூட்டும் விதி ஏதும் இல்லை.

"நேத்து திரும்ப வாங்கினவன் அப்படியே இடுப்புல சொருகிட்டான். கனமில்லாத மாடல்ங்கறதால, குண்டு இல்லாதது கையிலயே தெரியலை."

"இப்பவாவது தெரியுமா?"

"எங்க! ஓட்டைத் துப்பாக்கின்னு திட்டிக்கிட்டு இருக்கான். மதினி வீட்டுல இருந்த குண்டையெல்லாம் கிணத்துல போட்டுட்டு எங்கிட்ட மட்டும் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கம்பெனியே சரியில்லண்ணே, உடனே வித்துடுன்னேன். சரின்னுட்டான்."