தேஜஸ்ரீயின் போன் மட்டும்

டீ வேண்டாங்க மேடம், இப்பத்தான் அருள்புரம் முக்குல குடிச்சுட்டு வந்தேன். ஃபேனை மட்டும் கொஞ்சம் கொறைச்சீங்கன்னா பேசறதுக்குச் சௌகரியமா இருக்கும். உங்க இன்டர்நெட் ஆபீசுக்கு எத்தனையோ தடவை போன்ல கம்ப்ளெயின்ட் சொல்லியிருக்கேன், நேர்ல வர்றது இதுதான் மொதல் தடவைங்க. பேரு தரணீதரன். பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட நீலமும் சாயப்பட்டறையில இருந்து வந்த நீலமும் ஒண்ணுதான்னு நம்ப வைக்கறதுதான் எம்பொழப்பு.

நீங்க வேலையை விட்டு நிறுத்துன லைன்மேன் சந்தனத்தைப் பத்தித்தான் பேச வந்தேன். அவர் மேல தப்பு இல்லீங்க. அது ஏன்னு சொல்லணும்னா, என் சம்சாரம் ஆடற கேம்ல இருந்து ஆரம்பிக்கணும்.

தேஜஸ்ரீ போன்ல துப்பாக்கிச் சண்டை ஆடுவா. நாலு பேர் டீம், இவதான் கேப்டன். மதுரையிலயும் சேலத்துலயும் உக்காந்திருக்கற புள்ளைங்க இவ சொன்னாத்தான் நகரும். ஒரு நா ஆள் கொறையுதுன்னு என்னையச் சேத்துக்கிட்டா. நான் கதவுன்னு நெனச்சு செவுத்தை முட்டிட்டே நடந்தேன். அப்பறம் எப்படியோ ஒரு குண்டு போட்டேன், அது எங்க டீம் மேலயே விழுந்துருச்சு. "அக்கா, யாரு இந்தப் பொம்மை?"ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. "எங்கூட்டுக்காரர்"னு அவ சொல்லலீங்க. "தெரிஞ்சவரு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

மொதல் தடவை நெட்டு கட்டானது தற்செயல்தானுங்க. சட்டை தேய்க்கறதுக்கு ரவுட்டர் ப்ளக்கைப் புடுங்கிட்டேன். அவ எந்திரிச்சு வந்து, "ஏனுங்க, நெட்டு போயிருச்சு, கொஞ்சம் பாருங்களேன்"னா. எதுனால போச்சுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ எம்பக்கத்துல உக்காந்துட்டா. நான் ஒயரைத் தொட்டுப் பாத்தேன், டாக்டர் மாதிரி தலையை ஆட்டுனேன், அவ டார்ச் அடிச்சா. கல்யாண மேடைக்கப்பறம் அவ்வளவு நேரம் அவ என்னையக் கவனிச்சது அன்னைக்குத்தான்.

அப்பறம் ரவுட்டரோட ஆப்பைக் கத்துக்கிட்டேன். ஊட்ல எந்தெந்த போன் நெட்ல இருக்குன்னு அது காட்டும். பேரைத் தொட்டா அந்த ஒரு போன் மட்டும் கட், மறுபடி தொட்டா வந்துரும். சோபாவுல கிரிக்கெட் பாத்துட்டே தொடுவேன். அவ கூப்புட்டதும் ஓடுவேன். ஃப்ரிட்ஜ் மேல இருந்த ரவுட்டரை ஹாலுக்கு மாத்துனேன். செவுரு பூரா க்ளிப் அடிச்சு ஒயர் இழுத்தேன். பக்கத்து கம்பெனி ஜெனரேட்டர்னால கரன்ட் துள்ளுதுன்னேன். அவ மொட்டை மாடிக்குப் போயி சிம் நெட்ல ஆடிப் பாத்தா, திக்குதுன்னு எறங்கி வந்துட்டா. "பாத்தியா, ஸ்பீடு வேற, சிக்னல் வேற தேஜூ"ன்னு அதுக்கும் ஒரு பாடம் எடுத்தேன். இதுல பாதி கம்பெனி வேலையில காட்டியிருந்தா இன்னேரம் மேனேஜர் ஆகியிருப்பேனுங்க.

அப்பத்தான் சென்னையில ஒரு பொம்பளப் புள்ளைங்க டீமுக்கு இவளைக் கூப்புட்டாங்க. கடைசி ரவுண்டு ஆன்லைன்ல. செயிச்சா சென்னையில தங்கி ஆடணும். நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. இதுவரைக்கும் அவளை எதுக்கும் வேண்டாம்னு சொன்னதே இல்லை.

ரவுண்டுக்கு முன்னாடி நாள் சந்தனம் வந்தாரு. லைனைப் பாத்தாரு, பெட்டியைப் பாத்தாரு. "சார், உங்க போன் கட்டாகல, டிவி கட்டாகல. மேடம் போன் மட்டும் எப்படிங்க கட்டாகும்? ரவுட்டர் பாஸ்வேர்டு குடுங்க, உள்ள பாத்தரலாம்"னாரு. மறந்துருச்சுன்னேன். "பரவால்லீங்க, காலைல வந்து ரீசெட் பண்ணிக் குடுத்தர்றேன், மேடம் நிம்மதியா ஆடட்டும்"னு சிரிச்சுட்டே போனாரு.

அவர் வண்டி தெருமுக்கு திரும்பறதுக்குள்ள உங்க ஆபீசுக்குப் போன் பண்ணுனேன். லைன் பாக்க வந்தவர் என் சம்சாரத்துகிட்ட தப்பாப் பேசுனாருன்னு சொன்னேன். கோபமாக்கூடச் சொல்லலீங்க. அமைதியாச் சொன்னாத்தான் நம்புவாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களும் ஒரு கேள்வி கேக்காம அன்னைக்கே அவரை நிறுத்திட்டீங்க மேடம், அதுக்காக உங்களைக் குத்தம் சொல்லல. பொம்பள மேனேஜர், நீங்க செஞ்சது ஞாயந்தான்.

மறுநா ரவுண்டுல கடைசி ரெண்டு டீம் நிக்கறப்பத் தொட்டேன். அவ கத்தலைங்க. ஹெட்போனைக் கழட்டி ஒயரை அழகாச் சுத்தி வெச்சா. "நீங்களும் எவ்வளவு பாடுபட்டீங்க. நமக்குக் குடுத்து வெக்கல, விடுங்க"ன்னு என்னையச் சமாதானம் பண்ணுனா. அன்னைக்கு ராத்திரி எனக்குப் புடிச்ச பச்சைப்பயிறு கொழம்பு வெச்சா. நல்லாத் தூங்குனேன்.

போன வாரம் சந்தனத்தோட சம்சாரம் ரங்காத்தாள் குண்டடத்துல இருந்து பஸ் ஏறி எங்கூட்டு கேட்டுக்கே வந்துட்டாங்க. கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தாங்களாமாங்க. தேஜஸ்ரீ கணியூர்ல அவ அக்கா ஊட்டுக்குப் போயிருந்தா, என் நல்ல நேரம்.

"அவரு சாமி மேல சத்தியம் பண்றாருங்க சார். எனக்கு யாரை நம்பறதுன்னு தெரியல. உங்க சம்சாரத்தையே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயர்றேன். அவங்க ஆமான்னு சொல்லிட்டா நான் அந்தாளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னாங்க.

ஞாயித்துக்கெழமை மறுபடி வர்றேன்னு போயிருக்காங்க. அதுக்கப்பறந்தான் மேடம் எனக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பிச்சுது.

எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுத்தர்றேன். சந்தனம் தப்பாப் பேசல. நெட்டைக் கட் பண்ணுனது நான், பொய் சொன்னதும் நான். அவரை வேலைக்குச் சேத்துக்கிட்டு, ரங்காத்தாளை எங்கூட்டுப் பக்கம் வராமப் பாத்துக்குங்க.

போனை எதுக்குங்க எடுக்கறீங்க? தேஜஸ்ரீக்குங்களா? கெடைக்காதுங்க. எங்கூடு ரெண்டு குடோனுக்கு நடுவுல, உள்ள சிக்னல் நிக்காது, பேசறதுகூட வைஃபை வழியாத்தான். கெளம்பறப்பவே கட் பண்ணிட்டேன். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மேடம். நான் போயித்தான் சரி பண்ணணும். நான் இல்லீன்னா அவளுக்கு ஒண்ணும் ஓடாதுங்க, பாவம்.