இடது கன்னம்

பெரும்பாலானவர்களுக்கு முகம் துடைக்கத் தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, மேடம். ஆனால் உள்ளே வந்ததும் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தீர்களே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அந்த ஜன்னலைச் சாத்தட்டுமா? வெயில் நேராக உங்கள் மூக்கின் மேல் விழுகிறது.

எழுந்திருக்கக் கூடாதா? சரி, உட்கார்ந்தே சொல்கிறேன். என் கை சும்மா இருக்காது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அழகு நிலையம் வீட்டு முன்னறையில்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தப்பைச் செய்துவிட்டுத்தான் வருவார்கள். பருவைக் கிள்ளுவார்கள். சுடுதண்ணீரில் கழுவுவார்கள். சீக்கிரம் பலன் தெரிய வேண்டும் என்று நாலு க்ரீமை ஒன்றாக அப்பிக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, புதிதாக ஒன்றை வாங்கியதும் சோதித்துப் பார்க்காமல் முகத்தில் பூசுவது. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துவிட்டு ஒரு நாள் பொறுத்தால் போதும். யார் கேட்கிறார்கள்?

நானே ஒரு முறை பொறுக்கவில்லை. ஒரு டீச்சர் கன்னத்து மங்கு போக வேண்டும் என்று வந்தார். தோலை மெல்ல உரித்தெடுக்கும் ஆசிட், நானே கலந்தது, கொஞ்சம் வீரியம் கூடிக் கன்னம் புண்ணாகிவிட்டது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பேர் கெட்டது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தாள்.

பக்கவாதம். வலது பக்கம் அடியோடு போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அவள் மகளுக்கு வெளியூரில் வேலை. "சித்தி, உங்கள விட்டா அம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று அழுதாள். நான் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அருமையான தோல். சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் கன்னத்தைத்தான் கிள்ளுவார்கள். என்னைப் பார்த்து, "நீ நல்லா படிக்கிறியாம்மா?" என்பார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

புதிய கலவையை யாருக்காவது வைத்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? என் முகத்தில் வைக்க முடியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். அக்காவின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தேன். ஒரு அசைவும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பக்கம் அவளுக்கு உணர்ச்சியே கிடையாது. எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் இடது பக்கம் மாற்றினேன். காதுத் தோல் வேறு, கன்னத்துத் தோல் வேறு. அதனால் கன்னத்துக்கு வந்தேன்.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? குடிக்க இல்லை, கை கழுவ.

பேச முடியாதவள் எப்படிச் சொன்னாள் என்று கேட்கிறீர்கள். நன்றாகவே சொன்னாள். கண்ணில் நீர் கோத்தால் அளவு சரி. இடது கை விரிப்பைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நீர்க்க வைக்க வேண்டும். போகப் போக அந்தக் கை என்னைத் தட்டிவிட ஆரம்பித்தது, அதனால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். மெல்லிய பருத்தித் துணிதான். தடம் விழாது.

கடை களைகட்டியது. ஒருவருக்குக்கூடச் சின்னத் தடிப்பு வந்ததில்லை. அந்த டீச்சரே திரும்பி வந்து, "உங்க கை பட்டாலே போதும்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உள்ளே ஓடி முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மகள் வீடியோவில் கூப்பிடும்போது வலது கன்னம் தெரிகிறமாதிரி படுக்க வைப்பேன். அந்தக் கன்னம் இன்றுவரை அப்படியே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அம்மா பளபளன்னு இருக்காங்க சித்தி" என்பாள்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். என் கையில் பிரஷ் இருந்தது. அவள் அம்மாவின் முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.

"சித்தி, என்ன இது? என்ன செஞ்சீங்க?"

"படுக்கைப் புண்ணும்மா" என்றேன். கன்னத்தில் யாருக்குப் படுக்கைப் புண் வரும்? அவசரத்தில் அதுதான் வாயில் வந்தது.

அப்போது அக்கா வாயைத் திறந்தாள். உதடு கோணியது, எச்சில் வழிந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. "எரி... எரியுது" என்றாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் கட்டை அவிழ்த்துக்கொண்டே அழுதாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அந்தக் கன்னம் குழிந்துபோனதும் என்னால்தான், இடது கண்ணில் பார்வை போனதும் என்னால்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் முழுதாக எழுதுங்கள், மேடம். இனி பேச்சு வராது என்று டாக்டர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பேச்சை வரவழைத்தது யார்? அக்கா நன்றாகப் பேச ஆரம்பிக்கட்டும். முதல் வேலையாக என்னைத்தான் கூப்பிடச் சொல்வாள், பாருங்கள்.