முதல் மாலை யாருக்கு?

பொறுங்க, பொறுங்க... கைதட்டலை அப்புறம் வெச்சுக்கலாம். சின்னதா ஒரு கதை இருக்கு, அதை இறக்கி வெச்சுடறேன்.

ரெண்டாம் உலகப் போர் நாப்பத்தஞ்சுல முடிஞ்சுதுன்னு படிச்சிருக்கோம். முடியலைன்னு வெச்சுக்குங்க... சும்மா ஒரு பேச்சுக்கு! ரெண்டு கூட்டணியும் விடாம அடிச்சுக்குது. பீரங்கிக்கே அலுத்துப்போச்சு. சரி, சமாதானம் பேசித் தொலைப்போம்னு இறங்கி வந்தாங்க. எங்க? நம்ம நாகப்பட்டினத்துல!

வரவேற்புக் குழுத் தலைவர் கனகசபாபதி. அவரோட ஒரே பையன் பர்மா காட்டுல துப்பாக்கி தூக்கிட்டு நிக்கிறான். சம்சாரம் அபயாம்பா காலையிலேயே சொல்லிட்டாங்க: "இன்னைக்குக் கையெழுத்தானா நம்ம புள்ள வீட்டுக்கு வந்துரும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க, அது போதும்."

இருப்பாரா மனுஷன்?

ரெண்டு தளபதியும் பேனாவைத் திறந்தாச்சு... நம்மாளு குறுக்க பாய்ஞ்சாரு. "இருங்க இருங்க! மாலை மரியாதை இல்லாம கையெழுத்தா? எங்க ஊரு வழக்கம் என்னாவுறது?"

"சரி, போடுய்யா"ன்னு ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சாங்க. பாவம், அவங்களுக்கு ஒரு எழவும் தெரியாது! பேசாம போட்டிருக்கலாம்ல? விளக்கம் சொல்றாரு: "எங்க ஊர்ல முதல் மாலை யாருக்கோ, அவருதான் பெரிய ஆளு!"

அவ்வளவுதான். குனிஞ்ச தலை ரெண்டும் நிமிர்ந்துச்சு.

"அப்ப எனக்குத்தான் முதல்ல!"

"ஏன், நான் என்ன இளைச்சவனா?"

அபயாம்பா ஓடி வந்து கெஞ்சறாங்க. "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போட்டுத் தொலைங்களேன்!"

"அதெப்படிடி? அப்புறம் முதல் மாலைக்கு என்ன மதிப்பு?"

பேனாவை மூடினாங்க... கப்பல் ஏறினாங்க... மறுபடியும் டமால், டுமீல்!

கனகசபாபதி மாலையும் கையுமா நிக்கிறாரு. அந்தம்மா கிட்ட வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? "கீழ போட்டுறாதீங்க. நம்ம புள்ளையோட படத்துக்கு ஆகும்."

...என்ன, இவ்வளவு நேரம் சிரிச்சீங்க, இப்ப சத்தத்தையே காணோம்?

ஏம்ப்பா மேலத்தெரு... ஏம்ப்பா கீழத்தெரு... கோயில்ல முதல் மரியாதை யாருக்குன்னு அடிச்சுக்கிட்டுத் தேரை நடுரோட்டுல நிறுத்திட்டீங்க. தேரு நிக்குது, போகட்டும். மண்டை உடைஞ்சு பெரியாஸ்பத்திரியில கிடக்கானுங்களே உங்க பசங்க... அந்த வார்டுல முதல் மாலை யாருக்கு விழணும்? சொல்லுங்க! சாமியா கேட்டுச்சு? கேட்டது நீங்க. அடி வாங்கினது அவனுங்க.

எந்திரிங்க. ரெண்டு தெருவும் சேர்ந்து போய் வடத்தைப் பிடிங்கய்யா!