பச்சை வட்டம்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் லேப்டாப் பை வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்: “ஏட்டி, நான் வச்ச பச்சை நெறத்தப் பாத்துதான் சூசை மாமா கடலுக்குப் போனாரு.”

“நீ மீன்பிடிக்கப் போறவங்களுக்குச் செஞ்ச காத்து எச்சரிக்கை ஆப்புலயா?”

“அதுலதான். எச்சரிக்கை வந்து சேந்தா, ‘சேந்தாச்சு’ன்னு காட்ட போன்ல பச்சை வட்டம் வரும். கீழ, ‘பலத்த காற்று, கடலுக்குச் செல்ல வேண்டாம்’னு எழுதியிருக்கும். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா.”

“யாருக்கும் காட்டிப் பாக்கல்லியா?”

“பங்குச்சாமியார்ட்ட காட்டுனேன். வாத்தியார்ட்ட காட்டுனேன். நல்லாருக்குன்னாங்க. அவங்க வாசிக்கத் தெரிஞ்சவங்கதானே.”

“பொறவு?”

“மாமாவுக்க தம்பி, எனக்க சின்ன மாமா, காத்தப் பாத்துத் தயங்குனாராம். மாமாதான் போனக் காட்டி, ‘எனக்க மருமவ பச்சை குடுத்திருக்கா, வாலே’ன்னு கூட்டீட்டுப் போனாரு.”

வள்ளம் கவிழ்ந்ததையும், சூசை மாமாவை மட்டும் வேறொரு வள்ளத்தார் மீட்டதையும், தம்பி கடைசிவரை கிடைக்காததையும் அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

“மாமா உன்ன ஏசுனாரா?”

“இல்லட்டி. எனக்க கையப் புடிச்சிட்டு, ‘நீ வேணும்னேவா செஞ்ச, மக்கா?’ன்னு கேட்டாரு. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும்.”

பேருந்து இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

“இப்பம் அத மாத்திட்டியா?”

“மாத்திட்டேன். எச்சரிக்கை வந்தா செவப்புதான் வரும், குரலும் பேசும். குரல் சேக்க ரெண்டு நாளாச்சு. நெறத்த மாத்த அஞ்சு நிமிசம் கூட ஆவல்லட்டி.”