ஹெலிகாப்டர் ஆடவில்லை

ஹெலிகாப்டரில் இருந்து வீடியோ எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் வராது. நீங்களே பாருங்கள், நான் வந்ததில் இருந்து நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலி அப்படித்தான் இருக்கும்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. விழிதியூர் கோயில் கும்பாபிஷேகத்தன்று திருஞானசம்பந்தம் ஹெலிகாப்டரில் இருந்து விழுந்து இறந்தாரே, அதை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஹெலிகாப்டர் ஆடியதால் நிலைதடுமாறி' என்று காரணமும் போட்டிருக்கிறீர்களாம். ஹெலிகாப்டர் ஆடவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடும்.

என் பெயர் ஆர்மான். இங்கே காரைக்கால் தருமபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பாரிஸ் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் இங்கே கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு வியர்வையோடு இருந்துவிட்டேன். ஆர்மான் என்று கேட்டால் காரைக்காலில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஆட்டம்' என்று கேளுங்கள், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் சம்பந்தம்தான். அவர் மகன் கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. தாலி கட்டும் நேரத்தில் காட்சி குலுங்கிவிட்டது. அட்சதை போடும் அவசரத்தில் ஓடிவந்து என் முழங்கையில் இடித்தவரும் அவரேதான். ஆனால் வீடியோ எடுப்பவனை யார் வீடியோ எடுக்கிறார்கள்? சொந்தக்காரர்களை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தவர், "தாலி கட்டுனது நம்ம பயலா, நாதஸ்வரக்காரரா? ஆர்மான் நல்லாத்தான் ஆட்டம் போட்டிருக்காரு!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி ஆன்தோனெத்தும் சிரித்தாள். அப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும், "ஆட்டம் வந்தாச்சு, சாப்பாடு போடலாம்" என்பார்கள். எனக்குக் கோபம் எல்லாம் வரவில்லை. பழகிப்போயிற்று.

சம்பந்தம் கெட்டவர் இல்லை. நெரவிப் பக்கம் நிலம், அரிசி ஆலை, கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர் பதவி எல்லாம் உண்டு. பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள் என்று கேள்விப்பட்டதில் இருந்து அவருக்குத் தூக்கமில்லை. நம் கோயிலுக்கும் ஹெலிகாப்டர் வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். வீடியோவுக்கு என்னையே கூப்பிட்டார். "வாங்க ஆட்டம், ஆகாசத்துலயாச்சும் ஆடாம எடுக்குறீங்களான்னு பாப்போம்."

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. ஆடாத காட்சி ஒன்றை ஊருக்கே காட்டிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று நினைத்தேன். சென்னையில் இருந்து, கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கதவைக் கழற்றிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். கை எதன்மேலும் படக்கூடாது, கதவு நிலையில் முழங்கையை ஊன்றினால் இயந்திரத்தின் அதிர்வு அப்படியே படத்துக்குள் வந்துவிடும். காற்றில் படபடக்கிற துண்டு, தொப்பி எதுவும் கிட்டே இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டு போனேன். சம்பந்தம் பட்டு வேட்டி, சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து ஏறினார்.

பின்பக்கம், கழற்றிய கதவை ஒட்டி ஒரே பக்கமாக நாங்கள் இருவர், நடுவில் பூக்கூடைகள். இடுப்பு பெல்ட்டின் கொக்கியைத் தரையில் இருந்த வளையத்தில் மாட்ட வேண்டும். என் பெல்ட்டுக்குத் தனி வளையம் இருந்தது. கேமரா கீழே விழாமல் இருக்கக் கட்டிய கயிற்றைத்தான் அவருடைய வளையத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. பைலட் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினார். நல்ல மனிதர், வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. சம்பந்தம் எட்டி எட்டிக் கையசைத்தார். அது தன் ஆலை என்றார், இது மைத்துனர் வீடு என்றார், ஒவ்வொரு தடவையும் பெல்ட் வளையத்தை இழுத்தது, வளையம் கயிற்றை இழுத்தது, கேமரா குலுங்கியது. "கொஞ்சம் அசையாம இருங்க" என்றேன். "நான் அசையலங்க, நீங்கதான் ஆட்டம்" என்று காதில் மாட்டியிருந்த கருவியில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்குள் கீழே கமிட்டிச் செயலாளர் மருதையன் கோபுரச் சாரத்தின் மேல் நின்று, துண்டை வீசி எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். கருடன் வந்து வட்டமிட்டால்தானே கலசத்தில் நீர் ஊற்றுவார்கள்? இந்த இரைச்சலில் எந்தக் கருடன் வரும்? கருடனுக்கு வழிவிட்டு நாங்கள் அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போய்க் கடலின் மேல் சுற்றிக்கொண்டிருந்தோம். கருடன் வந்துவிட்ட செய்தி சம்பந்தத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பைலட் எரிபொருளைப் பார்த்தார். இனி ஒரே ஒரு சுற்றுதான் முடியும் என்றார்.

ஒரே ஒரு சுற்று, ஐயா. அதிலும் அவர் குதித்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வது? கூடையை இழுக்க அவர் குனிந்தபோது அவருடைய கொக்கியை வளையத்தில் இருந்து கழற்றிவிட்டேன். அவர் வசதிக்கும் அது நல்லதுதான், பெல்ட் இழுக்காமல் தாராளமாக எட்டலாம். கேமரா உடனே ஆடாமல் நின்றது, குளத்துத் தண்ணீர் போல. அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என் கயிற்றைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாடகைக் கருவி, ஐயா. விழுந்தால் யார் பொறுப்பு?

கோயில் நெருங்கியது. "நல்லா எட்டிக் கொட்டுங்க, உங்க முகமும் தெரியட்டும்" என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம். பைலட்டிடம் இங்கிலீஷில், என் பக்கமாக நன்றாகச் சாயுங்கள் என்று கேட்டேன். சாய்ந்தால் கோபுரம் முழுசாகத் தெரியும். பைலட் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலச் சாய்த்தார். முதலில் பூ போயிற்று. பின்னால் அவர் போனார். நான் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் படம் குலுங்கியிருக்கும்.

கீழே எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். பெரிய மாலை ஏதோ வருகிறது என்று நினைத்திருப்பார்கள் போல, கைகளை இறக்கவே இல்லை. அவர் கோயிலுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயலில் விழுந்தார்.

இறங்கியதும் பைலட் அழுதார். சம்பந்தமே தன் பெல்ட்டைக் கழற்றியிருப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். "அவரு எங்கங்க ஒரு எடத்துல இருந்தாரு" என்று மருதையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினார். நானும் ஆமாம் என்றேன். பூத் தூவுவதற்கு முன்பே கேமரா பழுதாகிப் படம் பதியவில்லை என்று அன்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன் இல்லையா, அது பொய்.

அப்படியே விட்டிருப்பேன். நேற்று சஃபியுல்லா டீக்கடையில் ஒருவர், "ஆட்டம் ஏறுனா ஹெலிகாப்டரும் ஆடத்தானே செய்யும்" என்றார். கடையே சிரித்தது. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார், இவர்களுக்குச் சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. மனம் வலித்தது.

இதோ பென் டிரைவ். போட்டுப் பாருங்கள். அந்தக் கடைசிச் சுற்றில் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஓர் அதிர்வு இருக்காது. விழும்போது அவர் மல்லாந்து நேராகக் கேமராவைத்தான் பார்க்கிறார், நானும் அவரை விடாமல் பிடித்திருக்கிறேன். ஆன்தோனெத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் அறையைத் தாழ் போட்டுக்கொண்டாள், இன்னும் திறக்கவில்லை. அவளுக்கு இதன் அருமை தெரியவில்லை.

கொக்கியைக் கழற்றியது நான். எட்டச் சொன்னதும், சாயச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவர்மேல் எனக்கு வெறுப்பு இருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. வெறுப்பு இருந்தால், விழுகிற அந்த முகத்தை விடிய விடிய நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேனா?