முழங்காலிட்டவள் திறக்காத கடிதம்

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நியூ ஹோரெப் தேவாலயத்தின் மேய்ப்பர், பாஸ்டர் ரூக்ஸ் அவர்களே! வெள்ளை உடுத்தி முன்வரிசையை வெளிச்சமாக்கியிருக்கும் ஆலயத்துத் தாய்மார்களே! பருத்தி ஆலையில் தங்கள் முதுகை வளைத்து எங்கள் முதுகை நிமிர்த்திய பெரியவர்களே! சமையலறையில் கோழி பொரித்துக்கொண்டே கதவிடுக்கில் காதை வைத்திருக்கும் சகோதரிகளே! என்னோடு ஆட்டக்களத்தில் முழங்காலிட்ட பதினொரு தோழிகளே!

ஊதாத் தொப்பி அணிந்து முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மிஸ் வெர்னெல் ஹாலோவே அம்மா அவர்களே! உங்கள் பெயரைக் கடைசியில் சொன்னது மரியாதைக் குறைவால் அல்ல. இன்று நான் பேசப்போவது முழுவதும் உங்களிடம்தான். மற்றவர்கள் அனைவரும் அதற்குச் சாட்சிகள்.

இதோ இந்த மேசைமேல் ஒரு கேடயம் இருக்கிறது. 'நீதிக்காக முழங்காலிட்ட ஓடெசா பிராக்கின்ஸுக்கு' என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பாஸ்டர் இதை என் கையில் கொடுக்க வந்தார். பேசி முடித்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் ஐயா என்றேன். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று நீங்கள் கை தட்டினீர்கள். அடக்கம் அல்ல, அச்சம். நான் இதை வாங்கலாமா, கூடாதா என்று மிஸ் வெர்னெல் சொல்லட்டும். அதற்கு முன்னால், நான் ஐந்து மாதமாக அவரிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றை அவர் கேட்டாக வேண்டும்.

'சொல்லு கண்ணு, சொல்லு' என்கிறது பின்வரிசை. சொல்கிறேன்.

எமரி ஹாலோவே, மிஸ் வெர்னெலின் ஒரே மகன். வயது இருபத்து மூன்று. டயர் கடையில் வேலை. சென்ற ஆண்டு வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு, நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாவை அள்ளிக்கொண்டு ஓடினான். 'உயரமா இருந்தான், சாம்பல் கலர் ஜாக்கெட் போட்டிருந்தான்' என்றார் கல்லாவில் இருந்தவர். இருபது நிமிடம் கழித்து, இரண்டு தெரு தள்ளி, சாம்பல் ஜாக்கெட் அணிந்த உயரமான எமரியைக் காவலர்கள் பிடித்தார்கள். அப்போது அவன் இடுப்பில் இருந்தது என்ன? துவைத்துப் பிழிந்த ஈரத்துணிக் கூடை!

கேட்கிறேன். கத்தி காட்டிய கள்வன் கூடை நிறைய ஈரத்துணியைச் சுமந்துகொண்டா ஓடுவான்? கல்லாவில் அள்ளிய காசு காலுறைக்குள்ளா காய்ந்துகொண்டிருந்தது? காசும் கிடைக்கவில்லை, கத்தியும் கிடைக்கவில்லை. கிடைத்தது கறுப்புத் தோல். அது போதுமானதாக இருந்தது.

நீதிமன்றத்தில் எமரி சொன்னான்: 'நான் சலவைக்கடையில இருந்தேங்க. மெஷின் முன்னால உக்காந்து துணிக்குக் காவல் இருந்தேன்.'

அரசு வழக்கறிஞர் கேட்டார்: 'அரை மணி நேரம் சும்மா ஒரு மெஷினையே பாத்துட்டு இருந்தீங்களா?'

ஜூரி ஆசனங்களில், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பொதுமக்கள் பன்னிரண்டு பேரும் புன்னகைத்தார்கள். துணியை உள்ளே போட்டுவிட்டு, போய்த் திருடிவிட்டு, திரும்பி வந்து துணியை எடுத்துக்கொண்டு போனான் என்று வழக்கறிஞர் முடித்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மில் தெரு முனையில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் அந்தச் சலவைக்கடையில், மெஷினில் துணியைப் போட்டுவிட்டு ஒருவன் வெளியே போனால் என்ன ஆகும்?

'துணி தரையில கெடக்கும்!' ஆமாம், தரையில்! மெஷின் நின்றபோது ஆள் இல்லை என்றால், அடுத்தவர் அள்ளித் தரையில் வீசுவார். நல்ல துணி என்றால் தரைக்குக்கூட வராது! நம் ஆலயத்து டீக்கன் ஹோரஸ் தன் நீலச் சட்டையை அங்கே தொலைத்தார். அடுத்த ஞாயிறு அதை வேறொருவர் மேல் பார்த்தார். எங்கே? இதே ஆலயத்தில்! 'பேர சொல்லட்டுமா?' என்கிறார் டீக்கன். வேண்டாம் ஐயா, இன்று மன்னிப்பின் நாள்.

நமக்கு இது நகைச்சுவை. நம் தெருவில் துணிக்குக் காவல் இருப்பது மூச்சு விடுவதைப் போல. நான் துணியைப் போட்டுவிட்டுப் போனதில்லை. என் அம்மா போனதில்லை. நீங்கள் ஒருவரும் போனதில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கு அது தெரியாது. அவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் சலவை இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் துணியைத் திருட யாரும் வந்ததில்லை. ஆகவே அரை மணி நேரம் ஒரு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற ஒருவனை அவர்கள் நம்பவில்லை.

ஐம்பது நிமிடத்தில் தீர்ப்பு. பன்னிரண்டு ஆண்டு சிறை. அந்தப் பன்னிரண்டு பேரில் நம்மவர் ஒருவர்கூட இல்லை.

இதைக் கேட்டுத்தான் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி கொதித்தது. எமரியை எங்களுக்குத் தெரியாது. முகம்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத அந்தப் பிள்ளைக்காக, நவம்பர் மாத முதல் சனிக்கிழமை, பகல் இரண்டு மணி ஆட்டத்தில், தேசிய கீதம் தொடங்கியபோது, எழுந்து நிற்காமல், எதிர்ப்பைக் காட்ட நாங்கள் பன்னிரண்டு பேரும் முழங்காலிட்டோம்.

முன்பே எங்கள் பயிற்சியாளர் சொல்லியிருந்தார்: 'பொண்ணுங்களா, நாளைக்கு உங்களுக்கு வேலை குடுக்கப்போறவன் இந்தப் படத்தத்தான் மொதல்ல பாப்பான். நான் தடுக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டு செய்யுங்க.' தெரிந்தே செய்தோம். 'இந்த நாட்டுல படிச்சுக்கிட்டு நாட்டையே அவமானப்படுத்துறியா? எந்திரிடி!' என்று ஒரு குரல் வந்தது. பின்னாலேயே ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் என் பிடரியில் விழுந்தது. அதை ஊற்றிய பெண்ணின் கணவர் கொடி போர்த்திய பெட்டியில் வீடு திரும்பியவர் என்று பிறகுதான் அறிந்தேன். அவர் துயரத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனாலும் நான் எழவில்லை. அன்று எழாததற்காக இன்றும் வருந்தவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். வாசலில் மிஸ் வெர்னெல் நின்றிருந்தார். கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அப்பம், இன்னும் சூடாக. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது:

'எம் புள்ளைய ஒனக்குத் தெரியாது. தெரியாத புள்ளைக்காக மண்டி போட்டியே, தாயி. ஒன்னய மாதிரி ஒருத்தி அந்த ஜூரியில இருந்திருந்தா…'

அம்மா, அந்தச் சொற்றொடரை நீங்கள் முடிக்கவில்லை. அன்று மாலை அது என் வீட்டிலேயே முடிந்தது.

ஆறு மணிச் செய்தியில் எங்களைக் காட்டப்போகிறார்கள் என்றார்கள். ஓடிப்போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். ஒலியைக் கூட்ட எடுத்த ரிமோட் வேலை செய்யவில்லை.

'அம்மா, பேட்டரி எங்க?'

'டிராயர்ல பாருடி, சாஸ் பாக்கெட்டுக்கெல்லாம் கீழ.'

நம் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த இழுப்பறை இருக்கிறது. சீன உணவகத்தின் சாஸ் பொட்டலம், தீர்ந்த பேட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. எல்லாவற்றுக்கும் அடியில், நீதிமன்ற முத்திரையோடு வரும் கடிதங்கள். திறக்காத கடிதங்கள். ஏன் தலை குனிகிறீர்கள்? உங்கள் இழுப்பறையைப் பற்றி நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை!

பேட்டரியைத் தேடிய கையில் கடிதம் வந்தது. அதன்மேல் என் பெயர். பிரித்தேன். ஜூரியாகப் பணியாற்ற அழைப்பு. அக்டோபர் கடைசித் திங்கள், காலை எட்டரை மணி, மூன்றாம் மாடி.

எமரியின் வழக்குக்கு ஜூரி தேர்ந்தெடுத்த அதே திங்கள். அதே எட்டரை. அதே மூன்றாம் மாடி.

'அம்மா, இது எப்ப வந்துச்சு?'

'செப்டம்பர்லயே வந்துச்சு. கோர்ட்டு லெட்டர் என்னிக்குடி நல்ல சேதி சொல்லியிருக்கு? அதான் உள்ள போட்டேன்.'

'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?'

'சொன்னேனே! ஒறை மேலயே எழுதியிருந்துச்சு, ஜூரி லெட்டர் வந்திருக்குன்னேன். பிராக்டிஸ் இருக்கு, எப்படியும் நம்மள எடுக்க மாட்டாங்க, வைங்கன்னு நீதானே சொன்ன?'

ஆம். நான்தான் சொன்னேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். அம்மா, நான்காம் வரிசையில் நீங்கள் முகத்தை மூடிக்கொள்ள வேண்டாம். பழி உங்களுடையது அல்ல.

அப்போது தொலைக்காட்சியில் நான் முழங்காலிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த காட்சியில் நிருபரிடம், 'எங்கள் மக்கள் ஒருவர்கூட இல்லாத ஜூரி, ஜூரியே அல்ல' என்று முழங்கிக்கொண்டிருந்தேன். அந்த முழக்கத்தைக் கேட்டபடி, கையில் அந்தக் கடிதத்தோடு நான் நின்றிருந்தேன்.

எமரியின் வழக்கறிஞர் திரு. டீல் அவர்களிடம் போய்க் கேட்டேன். அவர் கணக்கைச் சொன்னார். அந்த அழைப்புப் பட்டியலில் நம் மக்கள் பதினான்கு பேர். வந்தவர்கள் நான்கு பேர். காரணம் சொல்லாமலே ஒன்பது பேரை விலக்கும் உரிமை அரசு வழக்கறிஞருக்கு உண்டு. நால்வரையும் விலக்கினார். திரு. டீல் ஆட்சேபித்தபோதுதான் காரணங்கள் பிறந்தன. ஒருவர் சூயிங்கம் மென்றாராம். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒருவர் மில் தெருவில் குடியிருக்கிறாராம். ஒருவர் எமரியைப் பார்த்துச் சிரித்தாராம். நீதிபதி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டின் பதிலுக்கு நாம் இன்றும் காத்திருக்கிறோம்.

அது அநீதி. தள்ளியவர் குற்றம் தள்ளியவருடையது. அதில் ஒரு துளியையும் நான் என் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன். 'பாருங்கள், பொறுப்பில்லாதவர்கள் நீங்கள்தான்' என்று நாளை எவரேனும் என் பேச்சைப் பிடித்து ஆடினால், சூயிங்கத்துக்காக ஒரு குடிமகளை வெளியேற்றியது பொறுப்பா என்று திருப்பிக் கேளுங்கள்!

ஆனால் சகோதரிகளே, சகோதரர்களே, அவர் கையில் இருந்தது ஒன்பது. நாம் அனுப்பியது நான்கு. பதினான்கு பேரும் போயிருந்தால்? ஒன்பதையும் அவர் செலவழித்தாலும் ஐந்து பேர் மிஞ்சியிருப்பார்கள். அந்த ஐவரில் எத்தனை பேர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐவர் வேண்டாம், ஒருவர் போதும். பன்னிரண்டு பேரும் ஒருமித்தால்தான் தண்டனை. அந்த அறையில் ஒருத்தி எழுந்து, 'ஐயா, அந்தக் கடையில துணிய விட்டுட்டு யாரும் நகர மாட்டாங்க' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்! சட்டம் படித்திருக்க வேண்டாம், சொற்பொழிவு தெரிந்திருக்க வேண்டாம். துணி துவைத்திருந்தால் போதும்.

அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. அது பயிற்சிக்குப் போயிருந்தது.

மிஸ் வெர்னெல், இதுதான் நான் மறைத்தது. நீங்கள் தந்த அப்பத்தை அன்று நான் தின்றேன். இன்னொரு நாள் நீங்கள் தந்த கம்பளித் தொப்பியையும் வாங்கிக்கொண்டேன். சொல்ல வாய் வரவில்லை. முழங்காலிடுவது எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் அது இரண்டு நிமிடம். ஒரு கடிதத்தைத் திறப்பது எளிதாக இருந்தது. அதைத்தான் நான் செய்யவில்லை.

நாளை திங்கள். நாளையும் எட்டரை, நாளையும் மூன்றாம் மாடி. நாளைக்கு வரச்சொல்லி இந்த மாதமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆசனத்துக்கு எதிரே நாளை உட்காரப்போவது யார், என்ன வழக்கு, எனக்குத் தெரியாது. எமரியையும் எனக்குத் தெரியாது அல்லவா? எப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றம் தெளிவாகத் தெரிந்தால், நம் பிள்ளையானாலும் குற்றம் என்றே சொல்லுங்கள். ஆனால் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

'கொழந்தைகள யாரு பாத்துக்குவா?' என்று ஒரு தாய் கேட்கிறார். நியாயம். நாளை காலை இந்த ஆலயத்தில் என் தோழிகள் பதினொரு பேரும் இருப்பார்கள். பந்து பிடிக்கும் கைகள் பிள்ளை பிடிக்காதா? பாஸ்டர் சாவியைத் தந்துவிட்டார்.

'போனாலும் தள்ளிருவாங்கம்மா' என்கிறார் இந்தப் பக்கம் ஒரு பெரியவர். ஐயா, அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே.

பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். மிஸ் வெர்னெல், இனி நீங்கள் சொல்லுங்கள். இந்தக் கேடயத்தை…

அவர் எழுந்து நிற்கிறார். அமைதி, தயவு செய்து அமைதி. கைப்பையைத் திறக்கிறார். அவர் குரல் பின்வரிசைக்கு எட்டாது, நான் சொல்கிறேன். அவர் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. அதே முத்திரை. ஓரம்கூடக் கிழியவில்லை.

அவர் சொல்கிறார்: 'பத்து நாளா பையிலேயே வெச்சிருக்கேன். எம் புள்ளைய உள்ள தள்ளுன கோர்ட்டுலேர்ந்து வந்த லெட்டர், நான் ஏன் பிரிக்கணும்னு வெச்சிருந்தேன். கேடயத்த அங்கயே வையி. நாளைக்கு எத்தன மணிக்குன்னு சொன்ன?'

எட்டரைக்கு, அம்மா.

'எனக்கு காரு இல்ல.'

ஏழே முக்காலுக்கு உங்கள் வாசலில் இருப்பேன்.

இன்னும் ஏதோ கேட்கிறார்… சிரிக்கிறார், நண்பர்களே. ஐந்து மாதத்தில் முதல் முறையாக நான் இந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். அவர் கேட்கிறார்: 'எமரியோட அம்மான்னு தெரிஞ்சா அந்த அரசாங்க வக்கீலு மொத பார்வையிலேயே என்னய வெளிய அனுப்புவாரு. அனுப்பட்டும். ஆனா என்னய அனுப்ப அவரு கையில இருக்குறதுல ஒண்ணு செலவாகும்ல?'

ஆகும், அம்மா! ஒன்பதில் ஒன்று உங்களுக்காகச் செலவாகும்!

பாஸ்டர் ஐயா, இந்தக் கேடயம் நாளை மாலை வரை இங்கேயே இருக்கட்டும். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், வெள்ளுடை அணிந்த தாய்மார்களுக்கும், கோழியைக் கருகவிடாத சகோதரிகளுக்கும் என் நன்றி. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும், முதலில் அந்த இழுப்பறையைத் திறங்கள். காலையில் மூன்றாம் மாடியில் உங்களுக்கு நான் வணக்கம் சொல்கிறேன்.