பிரேக்குக்கு எண்ணெய்

சேலம் போகிற கரிவாயு பஸ் மோகனூரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். என் முன் இருக்கையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "ஆயுத பூசையன்னிக்குப் பிரேக்குக்கு மட்டும் எண்ணெய் வெச்சுப்போடாதீங்க, மாப்ள."

அவர் ஒரு நூற்பாலையில் மின்சாரப் பாரந்தூக்கி ஓட்டியவர். அந்த வேலையில் நாளை சேரப்போவது பக்கத்திலிருந்த மைத்துனர். பேச்சிலேயே அவ்வளவும் தெரிந்தது.

"ஏனுங்க மச்சான்?"

"போன வருசம் எல்லாத்தையும் கழுவி, பளபளன்னு இருக்கோணும்னு நாந்தான் நல்லெண்ணெய் பூசுனேன். பிரேக்குச் சக்கரத்தையும் உட்டுவெக்கலை. மக்காநாள், விசயதசமியன்னிக்கு, மொதல் பாரம், பெரிய பஞ்சுப்பொதி. சூடங் காட்டித் தூக்குனோம். ஆளு ஒசரத்துக்கு மேல போனதும், பாரம் அங்கியே நிக்கட்டும்னு சுச்சை அமத்துனேன். பிரேக்கு புடிக்கலை. வழுக்கிருச்சு."

"கீழ ஆரும் இல்லீங்களே?"

"எங்க மேஸ்திரி கருப்பண்ணன் இருந்தான்."

"பாரத்துக்கு அடியில ஆளு நிக்கக்கூடாதுங்களே?"

"அதை எங்க எல்லாத்துக்கும் தெனமும் சொன்னவனே அவந்தான்."

"அப்பறம் அவரே போயி ஏனுங்க நின்னாரு?"

பஸ் உறுமிக் கிளம்பியது.

"பூசை முடிஞ்சு தூக்குற மொதல் பாரமாச்சே, கும்புட நின்னான். எல்லாருந்தான் நின்னோம். நான் போட்ட சத்தத்துல மத்தவங்க ஓடிட்டாங்க. அவன் கண்ணை மூடிட்டு இருந்தான்."